சாயத்தை எடுக்கப் போய்த் தலையைப் புண்ணாக்காதீர்கள்



தீபாவளி நெருங்கினால் நம் லயத்துக் குளியலறைகளில் ஒரு வாடை வரும். தலைச்சாய வாடை. மெர்சிங் பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் பருப்பு, எண்ணெயோடு சாயப் பாக்கெட்டையும் நாலைந்து வாங்கி வருகிறார்கள். நரையை மறைப்பது அவரவர் விருப்பம். அதைக் குறை சொல்ல வரவில்லை. போட்ட சாயம் பிடிக்காமல் போனால் அதை எடுக்க வீட்டில் நடக்கிறதே ஒரு வைத்தியம், அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

தலை கன்னங்கரேலென்று இருக்கும். நெற்றியிலும் காதோரத்திலும் மை பூசின மாதிரி கறை. "ஐயோ, இந்தத் தலையோடு கல்யாண வீட்டுக்கு எப்படிப் போவேன்?" என்று பதறினால் போதும், ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. துணி வெளுக்கிற மருந்தைக் கலந்து தேய் என்பார் ஒருவர். எலுமிச்சம்பழம் என்பார் இன்னொருவர். மண்ணெண்ணெய் என்பவரும் உண்டு. நமக்குத் தெரிந்த குலை வெட்டுகிற தோழர் ஒருவர் முதல் ஆலோசனையைக் கேட்டார. சாயம் போச்சா? இல்லை. திட்டுத்திட்டாகச் செம்பட்டையானதுதான் மிச்சம். உச்சந்தலையெல்லாம் புண். செம்பனைக் காட்டில் தலைக்கவசம் இல்லாமல் வேலைக்கு நிற்க முடியுமா? புண் ஆறும் வரை பிரட்டுக்குப் போகவில்லை, கூலியும் இல்லை.

ஏன் இப்படி? பாக்கெட்டில் வருகிற கருப்புச் சாயங்களில் பெரும்பாலும் பி.பி.டி. என்ற இரசாயனம் இருக்கிறது. பாரா-பினைலீன்டையமின் என்பது அதன் முழுப்பெயர். நூறு வருஷத்துக்கு மேலாகத் தலைச்சாயத்தில் சேர்க்கிறார்கள். கலக்கும்போது இது சிறு துகள். மயிரின் உள்ளே நுழைந்து, அங்கேயே ஒன்றோடொன்று சேர்ந்து பெரிசாகிவிடும். பிறகு வெளியே வர வழி இல்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் வராது என்பது இதனால்தான். வெளுக்கிற மருந்தோ சாயத்தை மட்டும் பார்த்துத் தாக்காது, மயிரையே அரிக்கும். குழாயில் முடி அடைத்துக் கொண்டால் அதைக் கரைக்க இதே சரக்கைத்தானே ஊற்றுகிறோம்! அதைத் தலையில் ஊற்றலாமா?

இன்னொன்று, இது உயிர் போகிற விஷயம். வெளுக்கிற மருந்தோடு புளிக்காடியையோ எலுமிச்சைச் சாற்றையோ கலந்தால் குளோரின் நச்சுவாயு கிளம்பும். சில சாயங்களில் அம்மோனியா உண்டு, அதனோடு சேர்ந்தாலும் நச்சுவாயுதான். கதவைச் சாத்திய சின்னக் குளியலறையில் மூச்சு முட்டிவிடும்.

எலுமிச்சை பழம்தானே, அது என்ன செய்யும் என்று கேட்பீர்கள். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் சிலருக்குத் தீப்பட்ட மாதிரி கொப்புளம் கிளம்பும், பிறகு கருப்புத் தழும்பாக மாசக்கணக்கில் நிற்கும். அலுவலகத்தில் மின்விசிறிக்கடியில் உட்காருகிறவருக்குப் பரவாயில்லை. நாம் வெயிலுக்குப் போகிறவர்கள். மண்ணெண்ணெய் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, அடுப்பு இருக்கிற வீட்டில் அது என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். சமையல் சோடா மயிரை முரடாக்கும், அவ்வளவுதான்.

அப்போ என்னதான் பண்றது? தோலில் பட்ட கறைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, மெல்லிய துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மிச்சம் இருந்தால் சில நாளில் தோல் உதிரும்போது தானே போய்விடும், சுரண்டாதீர்கள். மயிர் ரொம்பக் கருப்பாகிவிட்டால் முதல் இரண்டு மூன்று நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் பொடுகு ஷாம்பு போட்டு அலசினால் கொஞ்சம் மங்கும். ராத்திரி எண்ணெய் வைத்துக் காலையில் அலசலாம். முழுசாகப் போகாது, அது உண்மை. மயிர் மாசத்துக்கு ஒரு செண்டிமீட்டர் வளரும், முடிதிருத்தும் கடையில் வெட்டிக் கொள்ளுங்கள்.

ஆனால் அரிப்பு வந்துவிட்டால் விஷயம் வேறு. பத்து வருஷமாய்ப் போடுறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே என்பவருக்கும் பதினோராம் வருஷம் ஒவ்வாமை வரலாம். உடனேயும் வராது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் பெரும்பாலும் வரும். அதனால் நம்மவர்கள் மெர்சிங் மீன் மேல் பழி போடுகிறார்கள்! கண் இமை வீங்கும், காது தடிக்கும், நீர் வடியும். ஒருமுறை வந்தவருக்கு அடுத்த முறை இன்னும் கடுமையாகும். சிலருக்குக் கருப்பு ரப்பர் பூட்ஸ் பட்டாலும் அரிக்கும், ரப்பரில் சேர்க்கும் சில பொருள்கள் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. "கருப்பு மருதாணி" என்று எழுதியிருந்தாலும் ஏமாறாதீர்கள். அசல் மருதாணி செம்மையாகத்தான் பிடிக்கும். அவுரி சேர்க்காமல் கருப்பாகப் பிடித்தால் உள்ளே பி.பி.டி. இருக்கலாம்.

ஆகவே போடுவதற்கு 2 நாள் முன்னே, கலந்த சாயத்தில் ஒரு சொட்டு முழங்கையின் உள்பக்கம் தடவிப் பாருங்கள். 48 மணி நேரம் பொறுங்கள். தடித்தால் பாக்கெட்டைத் தூக்கி எறியுங்கள், காசு போனால் போகட்டும்.

இடையே ஒரு வார்த்தை. வயசான தோழர்கள் சிலர் அழகுக்காகச் சாயம் போடவில்லை, நரையைப் பார்த்து மண்டோர் "கிழவன்" என்று ஒதுக்கிவிடுவானோ என்ற பயத்தில் போடுகிறார்கள். 2012-ஆம் ஆண்டுச் சட்டம் 2013 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. தனியார் துறையில் வேலை செய்யும் மலேசியக் குடிமக்களை, சட்டம் விலக்கியுள்ள சிலர் தவிர, 60 வயதுக்கு முன் வயதைக் காட்டி ஓய்வு கொடுத்து அனுப்ப முடியாது. யாராவது அப்படிப் பேசினால் சங்கக் கிளைக்கு வந்து சொல்லுங்கள், தலையில் இரசாயனம் பூச வேண்டாம்.

பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பாக்கெட்டை வையுங்கள். வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், சிறுநீரகமும் கெடும். அப்படியானால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே மெர்சிங் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முகம் வீங்கினாலும் அப்படியே. வெறும் அரிப்பு என்றால் நன்றாகத் தண்ணீர் விட்டு அலசிவிட்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள், குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். போகும்போது சாயப் பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கிட்டுப் போங்க. டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.