டின்னிலிருந்து தானியத்துக்கு

"டின்னை விட்டுட்டுத் தானியத்துக்கு மாறலாமாண்ணா?" என்று லெஸ்டரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு எப்போதாவது ஒருநாள் வந்தே தீருகிற கேள்வி இது. மாறுங்கள் என்றுதான் சொன்னேன். தானியத்துக்குப் போனால் ருசி கூடும் என்பது அவர் நினைப்பு. நான் மாறச் சொல்வதற்குக் காரணம் அது இல்லை. உண்மையான காரணத்தைத் தொலைபேசியில் சரியாகச் சொல்ல முடியவில்லை என்பதால் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த டின்னில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மால்ட் ஆலையில் முளைவிட்ட பார்லியை உடைத்து, சூடான நீரில் ஊறவைத்து, இறங்கிய இனிப்பு நீரை வெற்றிடக் கொப்பரையில் குறைந்த சூட்டில் வற்றவைக்கிறார்கள். ஐந்தில் நான்கு பங்கு திடப்பொருளாகிற அளவுக்கு இறுகியதும் டின்னில் அடைக்கிறார்கள். அதுதான் மால்ட் பாகு. மூடியைத் திறந்தவுடன் வரும் வாசனை நமக்குப் பழகிய வாசனைதான், ஹார்லிக்ஸ் வாசனை. 1908-ல் ஸ்லவ் நகரில் ஆலை கட்டிய ஹார்லிக் குடும்பம் செய்ததும் ஏறக்குறைய இதே வேலை: முளைவிட்ட பார்லியும் கோதுமை மாவும் ஊறிய நீரைப் பாலோடு சேர்த்து வற்றவைப்பது.

இங்கே பிரிட்டனில் கடையில் ஒன்றரைக் கிலோ டின்னாகக் கிடைக்கும். 23 லிட்டர் சாதாரண பிட்டருக்கு இரண்டு டின் போதும். நீரில் கரைத்து, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் தூவினால் வேலை முடிந்தது. நல்ல பீர் வரும். டின்னில் காய்ச்சியது இரண்டாந்தரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புதிய பாகும் ஆரோக்கியமான ஈஸ்ட்டும் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறவருக்கு வித்தியாசம் தெரிவது கடினம். அலமாரியில் கிடந்து பழசாகிப்போன பாகில்தான் நிறம் கறுத்து ஒரு மந்தமான வாடை ஏறிவிடும்.

பிறகு எதற்கு மாறுவது? அந்த டின்னுக்குள் உங்களுக்கு முன்பே ஒருவர் முடிவெடுத்துவிட்டார் என்பதற்காகத்தான். பீர் வறண்டு இருக்க வேண்டுமா, வாயை நிறைக்க வேண்டுமா, எத்தனை விழுக்காடு சர்க்கரையை ஈஸ்ட் தின்ன முடியும் என்பதெல்லாம் ஆலையிலேயே தீர்மானமாகி வருகிறது. ஹாப்ஸும் ஈஸ்ட்டும் உங்கள் விருப்பம், அடித்தளம் வேறொருவருடையது.

வரலாற்றைப் பார்த்தால் தானியம்தான் பழைய வழி, டின்தான் பிறகு வந்தது. அதனால் தானிய முறையை "மேல்நிலை" என்று சொல்லிப் பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. வில்லியம் காபெட் 1821-ல் எழுதத் தொடங்கிய 'காட்டேஜ் எகானமி' ஏழைக் குடும்பத்துக்கான கைப்புத்தகம். அதில் ரொட்டிக்கும் பசுவுக்கும் பன்றிக்கும் முன்பாக அவர் எடுத்துக்கொள்வது பீர் காய்ச்சுவதைத்தான். முந்தைய தலைமுறையில் கூலிக்காரர்களின் வீடுகளில்கூட பீர் காய்ச்சினார்கள், மால்ட் வரியும் தேநீரும் சேர்ந்து அதை ஒழித்துவிட்டன என்று கொதிக்கிறார் மனிதர். தேநீர் மேல் அவருக்கு இருந்த கோபத்தை நம்மால் ஏற்க முடியாது. ஆனால் அவர் எழுதியது முழுக்க முழுக்கத் தானிய முறை. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் ஒரு மரத்தொட்டியும் ஒரு செப்புக் கொப்பரையும் வைத்துச் செய்துவந்த வேலை அது.

1880-ல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கிவிட்டுக் காய்ச்சிய சாற்றின் அடர்த்தியின் மேல் வரி போட்டார். அதோடு வீட்டில் காய்ச்சுகிறவர்களும் உரிமம் வாங்க வேண்டும் என்றாகி, மிச்சமிருந்த வழக்கமும் தேய்ந்தது. அந்த உரிமத்தை 1963-ல் ரெஜினால்ட் மாட்லிங் நிதியமைச்சராக இருந்தபோது எடுத்தார்கள். எண்பது ஆண்டு இடைவெளியில் கைப்பழக்கம் போய்விட்டிருந்தது. அந்த வெற்றிடத்தில் நுழைந்ததுதான் டின். குழந்தைகளுக்கு மீன் எண்ணெய் கலந்து கொடுக்கும் டானிக்காக மால்ட் பாகு ஏற்கெனவே மருந்துக்கடைகளில் இருந்தது. பீர் செய்வதற்கான பொட்டலங்களும் பிறகு பூட்ஸ் மருந்துக்கடைகளிலேயே விற்றன. தானியத்துக்கு மறுபடி மக்களைத் திருப்பியதில் 1974-ல் டேவ் லைன் எழுதிய 'தி பிக் புக் ஆஃப் ப்ரூயிங்' புத்தகத்துக்குப் பெரிய பங்குண்டு. வீட்டிலிருக்கும் வாளி வெந்நீர்ப் பாத்திரங்களை வைத்தே செய்யலாம் என்று காட்டியவர் அவர்.

இனி தானியத்துக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன். என்னை இந்தப் பக்கம் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது இதுதான்.

பார்லி மணிக்குள் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது, சர்க்கரை வேண்டும். மணியை ஊறவைத்து முளைவிட வைத்தால், வளரப்போகும் செடிக்கு உணவு வேண்டுமே என்று, மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளை அது தனக்குள்ளேயே திரட்டிக்கொள்கிறது. முளை நீள்வதற்கு முன்பே சூடான காற்றில் காயவைத்து வளர்ச்சியை நிறுத்திவிடுகிறார்கள். செடி வளராது, நொதிகள் மட்டும் பிழைத்துக் காத்திருக்கும். 1833-ல் பிரான்ஸில் ஆன்செல்ம் பாயனும் ழான்-பிரான்சுவா பெர்சோவும் மால்ட்டிலிருந்து இந்த நொதிச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். மனிதர் முதன்முதலாகப் பிரித்தெடுத்த நொதி அது. மனிதர் அதை அறியாமலேயே பல ஆயிரம் ஆண்டுகளாக அதைக்கொண்டு வேலை வாங்கி வந்திருக்கிறார்கள்.

உடைத்த மால்ட்டில் வெந்நீரை ஊற்றி ஒரு மணி நேரம் மூடிவைப்பதைத்தான் 'மேஷ்' என்கிறோம். அதில் முக்கியமாக இரண்டு நொதிகள் வேலை செய்கின்றன. பீட்டா அமிலேஸ் மாவுச்சத்துச் சங்கிலியின் நுனியிலிருந்து இரண்டிரண்டு கண்ணியாகக் கழற்றி மால்டோஸ் ஆக்கும். ஈஸ்ட்டுக்குப் பிடித்த சர்க்கரை அது. அந்த நொதிக்கு 60-லிருந்து 65 டிகிரி செல்சியஸ் ஒத்துவரும், அதற்கு மேலே போனால் சீக்கிரம் செத்துவிடும். ஆல்ஃபா அமிலேஸ் சங்கிலியை நடுவில் எங்கு வேண்டுமானாலும் வெட்டும். 70 டிகிரி வாக்கில் அதற்கு உற்சாகம். அது வெட்டிப்போடும் துண்டுகளில் பல ஈஸ்ட்டுக்குப் பெரிது. அவை தின்னப்படாமல் பீரில் தங்கிவிடும்.

ஆக, 63 டிகிரியில் வைத்தால் பீர் மெலிந்து, வறண்டு, சுறுக்கென்று இருக்கும். 69-ல் வைத்தால் அதே தானியம், அதே ஹாப்ஸ், அதே ஈஸ்ட், ஆனால் நாக்கில் கனமாக உட்காரும். நான் பிட்டருக்கு 66-ல் நிறுத்துவேன், ஓட்ஸ் போட்ட ஸ்டவுட்டுக்கு 68. இந்த ஆறு டிகிரிக்குள்தான் காய்ச்சுகிறவரின் கையெழுத்து இருக்கிறது. டின் வாங்குகிறவருக்கு இந்த ஆறு டிகிரி கிடைப்பதில்லை. எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

வெப்பமானி இல்லாத காலத்தில் கொதித்த நீரை ஆறவிட்டு, ஆவி அடங்கி அதில் தன் முகம் தெளிவாகத் தெரிந்ததும் மால்ட்டில் ஊற்றுவார்கள். வெப்பமானியை இந்தத் தொழிலுக்குள் கொண்டுவந்தவர்களில் முன்னோடி மைக்கேல் காம்ப்ரூன் என்கிற லண்டன்காரர். அவருடைய புத்தகம் 1762-ல் வந்தது. இன்று நல்ல டிஜிட்டல் வெப்பமானி மலிவு. மற்றச் சாமான்களில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

ஓட்ஸைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. அவலாக நசுக்கிய ஓட்ஸ், கோதுமை, மக்காச்சோளம் எல்லாவற்றிலும் மாவுச்சத்து அப்படியே இருக்கிறது, உடைக்க நொதி இல்லை. பாகோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் கலங்கல்தான் மிஞ்சும். மால்ட்டோடு சேர்த்து ஊறவைத்தால் மால்ட்டின் நொதிகள் அவற்றின் மாவையும் உடைத்துக் கொடுத்துவிடும். கிரிஸ்டல் மால்ட், கறுக வறுத்த மால்ட் போன்றவற்றை மட்டும் டின்காரர்களும் துணியில் கட்டி வெந்நீரில் முக்கி எடுக்கலாம். பலர் அந்த வழியாகத்தான் தானியத்தின் பக்கம் வருகிறார்கள்.

மால்ட் என்றால் எனக்கு மாரிஸ் ஆட்டர்தான். கேம்பிரிட்ஜுக்கு அருகே ட்ரம்பிங்டனில் மாரிஸ் லேன் என்ற தெருவில் இருந்த பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1960களின் நடுவில் வயலுக்கு வந்த பார்லி. விளைச்சல் கூடிய ரகங்கள் வந்ததும் விவசாயிகள் கைவிடத் தொடங்கினார்கள். தானிய வணிகர்கள் சிலரும் சுவை தெரிந்த மது ஆலைகளும் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியதால் பிழைத்தது. இதன் பாகும் டின்னில் கிடைக்காமல் இல்லை, ஆனால் பெரும்பாலான டின்களின் மேல் எந்தப் பார்லி என்று எழுதியிருப்பதில்லை. மூட்டையின் மேல் எழுதியிருக்கும்.

செய்முறை கேட்ட தம்பிக்காக அளவுகள். 23 லிட்டருக்கு உடைத்த மால்ட் 4 கிலோ. அதற்கு 10 லிட்டர் நீர், 74 டிகிரியில். குளிர்ந்த தானியம் சேர்ந்ததும் 66-க்கு இறங்கி நிற்கும். சாமான் பெரிதாக வேண்டாம், பிக்னிக்குக்குக் கொண்டுபோகும் ஐஸ்பெட்டி சூட்டையும் அப்படியே காக்கும். ஒரு மணி நேரம் கழித்து இனிப்பு நீரை வடித்து, தானியத்தின் மேல் 76 டிகிரி நீரை ஊற்றி இன்னொரு முறை அலசி எடுக்க வேண்டும். தானியம் கிலோவுக்கு ஒரு லிட்டர் நீரைக் குடித்துவிடும், கொதியில் மூன்று நான்கு லிட்டர் ஆவியாகும். ஆகவே மொத்தம் 30, 31 லிட்டர் நீர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அலசுவது தொந்தரவு என்றால் பை முறை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வீட்டுக் காய்ச்சல்காரர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பிய வழி. ஜன்னல் திரைக்குப் போடும் மெல்லிய வாயில் துணியில் பை தைத்து, முழு நீரும் உள்ள ஒரே பெரிய பாத்திரத்தில் தானியத்தைப் பையோடு இறக்கி, நேரம் ஆனதும் தூக்கிப் பிழிந்துவிடுவது. பிழிந்தால் துவர்ப்பு இறங்கும் என்று பழைய புத்தகங்கள் மிரட்டும். நான் நன்றாகவே பிழிகிறேன், துவர்க்கவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

தானியத்துக்கு வந்தால் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். பாகு காய்ச்சும்போது இந்தக் கவலை ஆலைக்காரருடையது. லண்டனிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் குழாய் நீர் சுண்ணாம்புப் பாறையின் வழியாக வருகிறது, கெட்டிலின் உள்ளே படியும் வெள்ளைப் படலமே சாட்சி. இந்த நீரின் காரத்தன்மை மேஷின் அமில-கார அளவை (pH) 5.2-க்கும் 5.6-க்கும் நடுவில் நிற்கவிடாமல் மேலே தள்ளும். வறுத்த மால்ட் தன் அமிலத்தால் அதைச் சரிக்கட்டும், ஆகவே லண்டனின் பழைய புகழ் கறுத்த போர்ட்டரில் இருந்ததில் ஆச்சரியமில்லை. வெளிர்நிறப் பீருக்குப் பெயர்போன பர்ட்டனில் நீரில் ஜிப்சம். இங்கே வெளிர்நிறப் பீர் வேண்டுமென்றால் நீரை முன்கூட்டிக் கொதிக்கவைத்துச் சுண்ணாம்பைப் படியவிடலாம், அல்லது லாக்டிக் அமிலம் சிறிது சேர்க்கலாம். குளோரின் போக கேம்ப்டன் மாத்திரை பாதி போதும். அதை விட்டுவிட்டால் பீரில் மருத்துவமனை வாடை அடிக்கும்.

செலவைப் பற்றியும் கேட்டார்கள். அதே பீருக்கு மால்ட்டின் விலை பாகின் விலையில் பாதிகூட வராது. ஆனால் பாகில் இரண்டரை மணி நேரத்தில் முடியும் வேலை தானியத்தில் ஐந்து, ஆறு மணி நேரம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கச் சமையலறை நம்முடையதாக இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் 25 லிட்டர் கொதிநீரை நகர்த்துவது விளையாட்டல்ல. அடியில் குழாய் வைத்த பாத்திரம் வாங்குங்கள், தூக்கவே வேண்டாம். பிழிந்த தானியம் கோழிக்கோ உரக்குழிக்கோ போகட்டும், ரொட்டி மாவிலும் ஒரு கைப்பிடி சேர்க்கலாம். கொதித்த ஹாப்ஸை மட்டும் நாய் எட்டாத இடத்தில் கொட்டுங்கள். நாய்க்கு அது உயிராபத்து.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் சொந்தக் குடிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் காய்ச்சலாம், விற்கக்கூடாது. தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஊரிலிருந்து படிக்கிறவர்கள் இதைச் செய்முறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தம்பிக்குக் கடைசியாக ஒன்று. இப்போது உங்கள் பீரில் ருசிக் குறை இருந்தால், அதற்குக் காரணம் அநேகமாக டின் அல்ல. நொதிக்கும் அறையின் சூடுதான். ஏல் ஈஸ்ட் 18-லிருந்து 20 டிகிரிக்குள் நிம்மதியாக வேலை செய்யும். 26, 27-க்குப் போனால் எந்தத் தானியமும் காப்பாற்றாது. முதலில் அதைச் சரிசெய்து, ஈஸ்ட்டைப் போதிய அளவு போட்டு, டின்னிலேயே ஒரு நல்ல பிட்டர் காய்ச்சுங்கள். அது சரியாக வந்தபின் ஒரு பையைத் தைத்துக்கொண்டு 4 கிலோ மாரிஸ் ஆட்டரை உடைத்து வாங்கி, 66 டிகிரியில் தொடங்குங்கள். அடுத்த முறை வேறெதையும் மாற்றாமல் 69-ல் வைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிக் குடித்துப் பாருங்கள்.