தோற்கும் கழகமும் வெற்று இருக்கைகளும்

விளையாட்டு, ஆடுவோர்க்கு மட்டுமே உரியதன்று. காண்போர்க்கும் அதில் பங்குண்டு. இருபத்திருவர் ஓடியாடும் களத்தைச் சுற்றி ஓர் ஊரே திரண்டு நிற்குமாயின், அவ்வாட்டம் திருவிழாவின் தன்மையை எய்துகின்றது. அவ்வூரார் ஒவ்வொருவராய் விலகிப் போவராயின், அதே ஆட்டம் வெறும் தேகப் பயிற்சியாய்ச் சுருங்கிவிடுகின்றது. ஆதலின், இடைவிடாது தோல்வியுறும் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் சொந்த மைதானத்தில் பார்வையாளர் தொகை குறைவது ஏன், அதன் பழி யாரைச் சாரும் என்பன ஆராயத்தக்க வினாக்களாம்.

பெரும்பாலோர் கூறும் விடை எளிது. "தோற்பவனைக் காண எவன் காசு கொடுத்து வருவான்?" என்பர் அவர். கழகத்தை நடத்துவோரோ, "ஜனங்களுக்கு விசுவாசம் அற்றுப்போயிற்று" என்று குறைகூறுவர். இவ்விரண்டும் முழு உண்மையல்ல என்பது எமது கருத்து. இதற்குச் சான்றாக, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள சண்டர்லாந்து நகரத்துக் கழகத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

1879-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஆலன் என்னும் பள்ளியாசிரியரால் தொடங்கப்பெற்றது இக்கழகம். ஆதியில் ஆசிரியர்களுக்கென்றே ஏற்பட்ட இச்சங்கம் பின்னர் ஊருக்கெல்லாம் பொதுவாயிற்று. 1892 முதல் 1936 வரையுள்ள காலத்தில் ஆறு முறை இங்கிலாந்தின் முதல் வகுப்பில் தலைமை பெற்றது. 1973-ல் இரண்டாம் வகுப்பில் இருந்துகொண்டே, வலிமை மிக்க லீட்ஸ் கழகத்தை வென்று தேசியக் கோப்பையைக் கைக்கொண்டது. ஆயினும் அவ்வூரின் செல்வமோ நாளடைவில் தேய்ந்தது. வியர் ஆற்றங்கரையில் நடந்துவந்த கப்பல் கட்டும் தொழில் 1988-ல் முற்றுப்பெற்றது. மங்க்வியர்மத் நிலக்கரிச் சுரங்கம் 1993-ல் மூடப்பட்டது. அச்சுரங்கம் இருந்த நிலத்தின்மீதே 1997-ல், பின்னர் ஏறக்குறைய 49,000 பேர் அமரத்தக்கதாய் விரிவுபெற்ற புது மைதானம் எழுந்தது. சுரங்கத் தொழிலாளரை நினைந்து அதற்கு 'ஒளியரங்கம்' எனப் பெயரிட்டனர். அவர் ஏந்திச் சென்ற டேவி விளக்கின் உருவம் இன்றும் அதன் வெளியே நிற்கின்றது. கப்பலும் போய்ச் சுரங்கமும் போனபின், ஊரார் அனைவரும் ஒருங்கே கூடுதற்கு எஞ்சிய பேரிடம் இம்மைதானமே என்பதை மனத்திற் கொள்ளவேண்டும். அங்கே ஓர் இருக்கை வெறுமையாகுமாயின், டிக்கட்டுப் பணம் மட்டுமா நஷ்டம்? ஊரின் கூட்டுறவில் ஒரு கண்ணி அறுந்துவிடுகின்றது.

இத்தகைய கழகம் 2016-17-ஆம் பருவத்தில் முதல் வகுப்பின் கடைசி இடத்தை அடைந்து கீழே இறங்கிற்று. மறு பருவத்தில் இரண்டாம் வகுப்பிலும் கடைசியாகி மூன்றாம் வகுப்பிற்கு வீழ்ந்தது. 2016 டிசம்பர் 17-ஆம் நாள் சொந்த மைதானத்தில் வெற்றி கண்ட குழு, அங்கே அடுத்த வெற்றியை 2017 டிசம்பர் 16-ஆம் நாளே கண்டது. 364 நாள் வரையில் உள்ளூர் மக்கள் தம் கண்ணெதிரே ஒரு வெற்றியும் கண்டிலர்! முதல் வகுப்பில் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரி 41,000 பேர் வந்த இடத்தில், இரண்டாம் வகுப்பில் 27,000 பேரே வந்தனர். எவ்வித நிறமும் தாங்காமல், செந்நிற இருக்கைகள் வெயிலில் வெளுத்து இளஞ்சிவப்பாய் நின்றன. அவற்றின்மேல் உட்காருவோர் இன்மையால் அவ்வெளுப்பு யாவர் கண்ணுக்கும் புலனாயிற்று.

இம்மட்டும் கேட்போர், "தோல்வியால் கூட்டம் குறைந்தது, இதில் ஆராய்வதற்கு யாதுளது?" என்பர். அடுத்து நிகழ்ந்ததைக் கேட்க. கழகம் தன் சரித்திரத்தில் மிகத் தாழ்ந்த நிலையாகிய மூன்றாம் வகுப்பில் ஆடிய 2018-19-ஆம் பருவத்தில், கூட்டம் மேலும் குறைந்ததோ? இல்லை, சராசரி 32,000-க்கு உயர்ந்தது. 2018 டிசம்பர் 26-ஆம் நாள் பிராட்போர்டு நகரக் குழுவோடு ஆடியபோது 46,039 பேர் திரண்டனர். அவ்வகுப்பின் ஆட்டம் ஒன்றுக்கு அத்துணைக் கூட்டம் வருவது மிக அரிது.

இதற்குக் காரணம் யாது? அவ்வாண்டில் கழகத்தின் உரிமை கைமாறிற்று. புதிய உரிமையாளர், வெளுத்த இருக்கைகளை அகற்றிப் புதியன பொருத்தும் வேலைக்கு அபிமானிகளையே துணைக்கு அழைத்தனர். பலர் கூலியின்றி வந்து தம் கையால் அவ்வேலையைச் செய்தனர். தன் கையால் திருகாணி முடுக்கிப் பொருத்திய இருக்கையை ஒருவன் வெறுமையாய் விடுவானோ? மூன்றாம் வகுப்பில் வெற்றி எளிதாயிற்று, ஆகையால் வந்தனர் என்று சிலர் கூறலாம். அதுவும் ஓரளவு உண்மையே. விடுமுறை நாளும் உதவியிருத்தல் கூடும். ஆனால் வெற்றி ஒன்றே வேண்டுவோர், தம் பெருங் கழகம் சிறு குழுக்களோடு மோதுவதைக் காண நாணி வீட்டிலேயே இருந்திருப்பர். அவர்களை வருவித்தது நம்பிக்கை. 'இது நம்முடையது' என்னும் எண்ணம். அப்பருவத்தில் வெம்ப்ளி அரங்கில் இரண்டு இறுதியாட்டங்களில் ஆடி இரண்டிலும் தோற்றனர். எனினும் கழகம் அநாதையாகவில்லை. நான்கு பருவம் அவ்வகுப்பில் உழன்று, 2022-ல் ஏறி, 2025-ல் முதல் வகுப்பை மீண்டும் அடைந்தது.

ஆகவே, யாம் துணிவது இது: தோல்வி மட்டுமே மக்களைத் துரத்துவதில்லை, தம்மைப் பொருட்படுத்துவார் இல்லை என்னும் உணர்ச்சியே துரத்துகின்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாற்போல, மைதானம் வெறுமையாவதற்கு ஜனங்களைக் குறைகூறும் நிர்வாகிகள் முதலில் தம் நடையைத் திருத்திக்கொள்ளல் வேண்டும்.

நிற்க. பார்வையாளர் குறைவதற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. அஃது இல்லத்துள் நுழைந்த தொலைக்காட்சி. 1966 மே 5-ஆம் நாள் இலண்டன் ஆர்சனல் கழகம் தன் மைதானத்தில் லீட்ஸ் குழுவோடு ஆடியபோது வந்தவர் 4,554 பேரே. அவ்வாண்டு அக்கழகம் தளர்ந்திருந்தது. அன்றியும் அவ்விரவில் ஐரோப்பியக் கோப்பை ஒன்றின் இறுதியாட்டம் தொலைக்காட்சியில் வந்தது. இத்தகைய தீங்கை அஞ்சியே, சனிக்கிழமை பிற்பகலில் நடக்கும் ஆட்டங்களை நேரடியாக ஒளிபரப்பாத வழக்கம் இங்கிலாந்தில் ஏற்பட்டது. எனினும் அதே ஆர்சனல் ஐந்தாண்டு கழித்து, 1971-ல், வகுப்புத் தலைமையையும் தேசியக் கோப்பையையும் ஒருங்கே வென்றது. அந்த மே மாதத்து இரவில் வந்திருந்த 4,554 பேருக்கும் இவ்வெற்றி எத்துணைத் தித்தித்திருக்கும்!

இனி, அபிமானிகளின் கடமையைப் பற்றிச் சிறிது சொல்லுவோம். காசு கொடுப்பவனுக்கு வராதிருக்கும் உரிமை உண்டு, அதனை மறுப்பாரில்லை. ஏழைத் தொழிலாளி ஒருவன், பிள்ளைகளின் உணவுச் செலவைக் குறைத்து டிக்கட்டு வாங்க வேண்டும் என்று எவரும் வற்புறுத்தலாகாது. ஆனால் வராமையை எதிர்ப்பின் வடிவமாகக் கொள்வோர் ஒன்றை எண்ணுதல் நன்று. வெற்று இருக்கை ஊமை. அது சினத்தால் வெறுமையானதோ, சோம்பலால் வெறுமையானதோ என்பதைச் சொல்லாது. 2016 பிப்ரவரி 6-ஆம் நாள் லிவர்பூல் நகரில் நிகழ்ந்ததைக் காண்க. அடுத்த பருவத்தில் ஒரு டிக்கட்டுக்கு 77 பவுன் வரை விலை வைக்கப்படும் என அறிந்த அபிமானிகள், மைதானத்துக்கு வந்தனர், ஆட்டத்தைக் கண்டனர், 77-ஆம் நிமிஷத்தில் ஏறக்குறைய 10,000 பேர் எழுந்து வெளியேறினர். சில நாட்களுள் உரிமையாளர் அவ்விலையைக் கைவிட்டனர். வந்து நின்று பேசியவன் சொல் செவியேறிற்று. அன்று எதிர்த்து ஆடியது சண்டர்லாந்துக் குழுவே என்பதும் ஒரு விந்தை.

காண்போரின் வருகை ஆட்டத்தையே மாற்றவல்லது. நோய்ப் பரவலால் பெரும்பாலும் பார்வையாளரின்றியே நடந்த 2020-21-ஆம் பருவத்தில், இங்கிலாந்தின் முதல் வகுப்பில் உள்ளூர்க் குழுக்களினும் வெளியூர்க் குழுக்களே மிகுதியாக வென்றன; அதற்கு முன் அங்கு அவ்வாறு நிகழ்ந்ததேயில்லை. ஆதலின், தோற்கும் குழுவைக் கைவிடுவோர் அதன் தோல்வியில் தாமும் பங்கு கொள்வோரேயாவர்.

நம் தேசத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 2018 ஜூன் 1-ஆம் நாள் மும்பையில் இந்தியக் குழு சீன தைபே குழுவை ஐந்து கோல் கணக்கில் வென்றபோது, கண்டவர் 2,569 பேரே. வெற்றியும் கூட்டத்தைக் கூட்டவில்லை! மறுநாள் குழுத் தலைவர் சுனில் சேத்ரி, "வையவேனும் வாருங்கள்" என்னும் கருத்துப்பட மக்களை வேண்டினார். கென்யாவோடு நடந்த அடுத்த ஆட்டத்திற்கு டிக்கட்டுகள் எல்லாம் விற்றுப்போயின. அஃது அவருடைய நூறாவது ஆட்டம். இரண்டு கோல் அவர் அடித்தார். அழைப்பவன் நேர்மையாய் அழைப்பின் மக்கள் வருவர் என்பதை இஃது உணர்த்துகின்றது. ஆனால் ஒருநாள் வேண்டுகோள் ஒருநாளைக்கே பயன்தரும். எஞ்சிய நாட்களுக்கு வேண்டியது பழக்கம்.

மாணவ நண்பர்களே! இங்கிலாந்தின் செய்தி நமக்கு எதற்கு என்று எண்ணற்க. கல்லூரிக் குழு கோப்பையோடு திரும்பும் ஆண்டில் அதனைத் தோளில் தூக்குவதற்கு எத்துணையோ கைகள் எழும். ஒரு வெற்றியும் இல்லாத ஆண்டில், மாலை வெயிலில் கோட்டோரம் நின்று பெயர் சொல்லிக் கூவி உற்சாகமூட்டும் பத்துப்பேரே அக்குழுவின் உண்மைத் துணைவர். ஊர் கூடித்தான் தேர் இழுக்கவேண்டும். தேர் சேற்றில் அழுந்திய அன்றே கைகள் மிகுதியும் வேண்டப்படும். வடத்தைத் தொடாமல் நின்றவன், தேர் நிலைக்கு வந்த நாளில் எவ்வளவு ஆர்ப்பரிப்பினும், அவ்வின்பத்தில் அவனுக்குக் கிட்டுவது அரைப்பங்கே.