கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கும் கல்வராயன் மலை விளைபொருள்களுக்கும் இணையவழியில் பணம் பெறும் ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்துத் தரக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர், கள்ளக்குறிச்சி
பொது மேலாளர், மாவட்டத் தொழில் மையம், கள்ளக்குறிச்சி
மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர், கள்ளக்குறிச்சி
நிர்வாக இயக்குநர், தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் (பூம்புகார்), சென்னை

அனுப்புநர்:
மரச்சிற்பக் கைவினைஞர்களும் மலைவிளைபொருள் விற்கும் மகளிர் குழுவினரும் உறுப்பினராக உள்ள சங்கம், கள்ளக்குறிச்சி

பொருள்: சிறுதொழில் இணையதளங்களில் வாடிக்கையாளர் பணம் செலுத்துவதற்கான ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தல் - பொது அளவுகோல்களும் உதவியும் கோருதல் - தொடர்பாக.



விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தொடங்கப்பெற்ற கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மரச்சிற்பங்கள் 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றன. ஒரு பொருளின் தரமும் புகழும் அது உருவாகும் நிலப்பகுதியோடு பிணைந்தவை என்பதைச் சட்டப்படி பதிவு செய்து, அப்பகுதிக்கு வெளியே செய்யப்பட்ட பொருளை அதே பெயரில் விற்கவிடாமல் தடுப்பதே புவிசார் குறியீடு. பெயர் காக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அப்பெயரை இணையத்தில் தேடி வரும் ஒருவர், கள்ளக்குறிச்சியிலோ சின்னசேலத்திலோ பட்டறை வைத்திருக்கும் சிற்பியிடமிருந்து நேரடியாக ஒரு பிள்ளையார் சிற்பத்தை வாங்க விரும்பினால், வாட்ஸ்அப்பில் படம் பார்த்து, கைபேசி எண்ணுக்குப் பணம் அனுப்பி, அனுப்பியதற்குச் சான்றாகத் திரைப்பிடிப்பை அனுப்பிவைக்கும் நிலையே பெரும்பாலும் இருக்கிறது. போலியான திரைப்பிடிப்பை நம்பிப் பொருளை அனுப்பிவிடும் அபாயம் விற்பவருக்கும், முன்பணம் கொடுத்துவிட்டு முன்பின் அறியாத ஒருவரை நம்பியிருக்கும் அச்சம் வாங்குபவருக்கும் இதனால் நேர்கின்றன. நடுவில் நிற்கும் வணிகர் பெரும்பங்கை எடுத்துக்கொள்ள இவ்விரு அச்சங்களே வழி செய்கின்றன.

மலைமேல் நிலை இன்னும் கடினமானது. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் சேகரிக்கும் தேன், கடுக்காய், புளி ஆகியவற்றுக்கும், அவர்கள் விளைவிக்கும் சாமை, தினைக்கும் நகரங்களில் விரும்பி வாங்குவோர் உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறுவன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் அவர்களுக்கு உரிமை அளித்துள்ளது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த பின், சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டதும், கள்ளச்சாராயத்துக்கு மாற்றான வாழ்வாதாரம் குறித்துப் பலரும் பேசியதும் அலுவலர்கள் அறிந்தவை. உழைப்புக்குரிய விலை உரிய நாளில் உழைத்தவர் கைக்கு வந்து சேராத எந்த வாழ்வாதாரமும் நீடிக்காது என்பதால், பணம் பெறும் வழி குறித்த இக்கோரிக்கையைச் சங்கம் அம்மாற்று வாழ்வாதார முயற்சியின் ஒரு பகுதியாகவே முன்வைக்கிறது.

இணையதளத்தில் பொருளைத் தேர்ந்தெடுத்த வாடிக்கையாளர் முகவரியைக் கொடுத்து, யுபிஐ, அட்டை, இணைய வங்கி ஆகியவற்றுள் ஒன்றின் வழியாகப் பணம் செலுத்தி முடிக்கும் கடைசிப் படிநிலையே செக்அவுட் எனப்படுகிறது. அதன் பின்னணியில் இருவகை நிறுவனங்கள் இயங்குகின்றன. வாடிக்கையாளரின் பணத்தைத் தாமே பெற்றுப் பின்னர் விற்பவரிடம் சேர்ப்பவை பேமெண்ட் அக்ரிகேட்டர்கள். பணத்தைக் கையாளாமல் தொழில்நுட்ப வழியை மட்டும் அமைத்துத் தருபவை பேமெண்ட் கேட்வேக்கள். 2020 மார்ச் 17 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இவ்வேறுபாட்டை வரையறுத்து, வங்கியல்லாத அக்ரிகேட்டர்கள் அனுமதி பெறுவதையும், பெறும் பணத்தை எஸ்க்ரோ கணக்கில், அதாவது நிறுவனம் தன் சொந்தச் செலவுக்கு எடுக்க முடியாதபடி வங்கியில் தனித்து வைக்கப்படும் கணக்கில், இருத்துவதையும் கட்டாயமாக்கின. அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை ரிசர்வ் வங்கி தன் தளத்தில் வெளியிட்டுவருகிறது. ரேசர்பே, கேஷ்ஃப்ரீ, பேயூ, சிசிஅவென்யூ போன்ற பெயர்கள் சந்தையில் நிரம்பியிருக்க, அவற்றுள் எது ஏற்றது என்பதை ஒரு சிற்பியோ மகளிர் குழுவோ தனித்து நின்று முடிவு செய்ய வேண்டியிருப்பதே இப்போதைய இடர்ப்பாடு. எந்த ஒரு நிறுவனத்துக்கும் சங்கம் பரிந்துரை செய்யவில்லை. எந்த அளவுகோலால் தேர்ந்தெடுப்பது என்பதையே இம்மனு வலியுறுத்துகிறது.

விற்பனைப் பிரதிநிதிகள் முதலில் சொல்வதும் விற்பவர் முதலில் கேட்பதும் கட்டண விகிதமே. அவ்விகிதமும் பெரும்பாலும் முழு உண்மையைக் காட்டுவதில்லை. யுபிஐ, ரூபே டெபிட் அட்டை ஆகியவற்றுக்கு 2020 ஜனவரி 1 முதல் எம்டிஆர், அதாவது விற்பவரிடமிருந்து வங்கிகள் பிடிக்கும் தள்ளுபடிக் கட்டணம், கிடையாது. ஏனைய டெபிட் அட்டைகளைப் பொறுத்தவரை, ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு வணிகர்களிடம் இணையவழிப் பரிவர்த்தனைக்கு 0.40 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2018 ஜனவரி முதல் வரம்பு உள்ளது. இவ்வாறிருந்தும், எல்லா வழிகளுக்கும் சேர்த்து நூற்றுக்கு இரண்டு என ஒரே விகிதம் பேசப்படும் திட்டங்களில், கட்டணமில்லாத யுபிஐக்கும் தொழில்நுட்பக் கட்டணம் என்ற பெயரில் அதே விகிதம் விழுகிறது. 12,000 ரூபாய் விலையுள்ள ஒரு சிற்பத்துக்கு இரண்டு விழுக்காடு 240 ரூபாய். அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 43.20 ரூபாய், ஆக 283.20 ரூபாய் குறைந்துவிடுகிறது. ஜிஎஸ்டி பதிவு பெறாத கைவினைஞர் அவ்வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறவும் இயலாது. அதே தொகை வங்கியின் வணிகர் யுபிஐ வழியாகச் சேமிப்புக் கணக்கிலிருந்து வந்தால் எம்டிஆர் ஏதுமின்றி வந்துசேரும். யுபிஐ வழியே வருவன எல்லாமே கட்டணமற்றவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் வாலட்டிலிருந்தோ ரூபே கிரெடிட் அட்டையிலிருந்தோ யுபிஐ மூலம் வரும் தொகைக்குக் கட்டணம் உண்டு. ஆகவே ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியே விகிதம் எழுதப்பட்ட விலைப்பட்டியலைத் தமிழில் தரும் நிறுவனங்களை மட்டுமே பரிசீலிக்க வேண்டும் எனச் சங்கம் கோருகிறது.

கட்டணத்தைவிடச் சிற்பியின் வாழ்க்கையை அதிகம் பாதிப்பது, பணம் எந்த நாளில் அவர் கணக்குக்கு வருகிறது என்பதாகும். 2020 வழிகாட்டுதல்கள் இதற்கு ஒரே கெடுவை வைக்கவில்லை. பொருளைச் சேர்ப்பிக்கும் பொறுப்பு அக்ரிகேட்டருடையதாயின் அனுப்பிய நாளிலிருந்தும், விற்பவருடையதாயின் வாடிக்கையாளர் கையில் கிடைத்த நாளிலிருந்தும், திருப்பித்தரும் காலம் முடியும்வரை தொகையை நிறுத்திவைக்க ஒப்பந்தம் இருந்தால் அக்காலம் முடிந்த நாளிலிருந்தும் அடுத்த நாளுக்குள் தரப்பட வேண்டும் என வெவ்வேறு கணக்குகளை அவை வகுத்தன. நன்கு கட்டி மரப்பெட்டியில் வைத்து அனுப்பப்படும் ஒரு கனமான சிற்பம் தொலைதூர ஊரைச் சென்றடையப் பல நாள் ஆகும். ஒப்பந்தத்தின் ஒரு வரி எந்த நாளைத் தொடக்கமாகக் கொள்கிறது என்பதைப் பொறுத்து, அடுத்த மரம் வாங்கும் பணம் அந்த வாரமே கிடைப்பதும் அடுத்த மாதம் கிடைப்பதும் அமைகிறது. இடைக்காலத்தில் வட்டிக்கு வாங்கினால், கட்டணத்தில் மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு அவ்வட்டியில் போய்விடும். குறைந்த விகிதத்தைக் கண்டு ஒப்பமிடுவோர் இவ்வரியைப் படிப்பதில்லை. அது ஆங்கிலத்தில் இருக்கையில் படிக்கவும் இயலுவதில்லை. எனவே தொகை சேரும் நாளே தேர்வின் முதல் அளவுகோலாகவும், கட்டண விகிதம் அதற்கு அடுத்ததாகவும் கொள்ளப்பட வேண்டும் என்பது சங்கத்தின் உறுதியான கருத்து.

மரச்சிற்பத் தொழிலின் இயல்பு மற்றொரு தேவையை உண்டாக்குகிறது. வேலைப்பாடுடைய நிலைக்கதவும் பூசை மண்டபமும் வாங்குபவர் சொல்லும் அளவுக்கு ஏற்ப வாரக்கணக்கில் செதுக்கப்படுபவை என்பதால், முன்பணம், பாதி வேலையில் ஒரு தொகை, முடிவில் மீதி எனப் பணம் பிரிந்து வரும். கூடையில் போட்டு உடனே முழுத்தொகையையும் செலுத்தும் முறைக்கென்றே அமைந்த செக்அவுட் இதற்கு உதவாது. ஒவ்வொரு தவணைக்கும் தனி இணைப்பை அனுப்பிப் பணம் பெறும் வசதியும், அவை அனைத்தும் ஒரே ஆர்டரின் கீழ்ப் பதிவாகும் ஏற்பாடும் வேண்டும். சாதாரண யுபிஐ பரிவர்த்தனைக்கு ஒரு லட்சம் ரூபாய் வரம்பு இருப்பதால், பெரிய வேலைப்பாடுகளுக்கு இணைய வங்கி வழியும் உடனிருத்தல் இன்றியமையாதது.

பணம் பற்றுவைக்கப்பட்டும் விற்பவருக்கு உறுதிச் செய்தி வராமற்போகும் நேர்வு வாங்குபவரின் நம்பிக்கையை அடியோடு குலைப்பது. 2019 செப்டம்பர் 20ஆம் நாளைய ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, அத்தொகை பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குள் தானாகவே வாடிக்கையாளர் கணக்குக்குத் திரும்ப வேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இவ்வுரிமை பலருக்கும் தெரியாததால் வாங்கியவர் சிற்பியை ஏமாற்றுக்காரர் எனக் கருதிவிடுகிறார். செக்அவுட் பக்கத்திலேயே இதனைத் தமிழிலும் எழுதிவைக்க வேண்டும். கல்வராயன் மலையில் கைபேசி இணையம் சரிவரக் கிடைக்காத சிற்றூர்கள் இருப்பதால், இணையம் இருந்தால் மட்டுமே வரும் செயலி அறிவிப்பை நம்பியிராமல், சாதாரணக் குறுஞ்செய்தியாகத் தமிழில் உறுதிச் செய்தி அனுப்பும் வசதி அங்குள்ள குழுக்களுக்குக் கட்டாயமாக வேண்டப்படுகிறது. அத்தகைய சிற்றூரில் இருக்கும் ஒரு குழுத் தலைவி, பணம் வந்ததா என்று பார்ப்பதற்காகவே இணையம் கிடைக்கும் இடம்வரை நடந்து போக வேண்டியிருக்கும் ஏற்பாடு எவ்வளவு மலிவாயினும் ஏற்றதன்று.

அடுத்து, பூம்புகார் போன்ற அரசு நிறுவனத்தின் பொதுத்தளத்தில் எல்லாரும் விற்பதா, ஒவ்வொருவரும் தம் பெயரில் பணம் பெறுவதா என்னும் கேள்வி எழுகிறது. பொதுத்தளம் வாடிக்கையாளரின் பணத்தைத் தானே வசூலித்துப் பிரித்துக் கொடுக்குமாயின், ஜிஎஸ்டி சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி மூலத்திலேயே வரி வசூலிக்கும் கடமை அத்தளத்துக்கு வரும். அதன் வழியே வெளிமாநிலத்துக்கு விற்கும் சிற்பி சிறியவராயினும் ஜிஎஸ்டி பதிவு பெற நேரிடும். மாறாக, தம் சொந்தத் தளத்தில் கைவினைப் பொருள்களை வெளிமாநிலத்துக்கு விற்போருக்கு, செதுக்கிய மரப்பொருள்கள் உட்பட அறிவிக்கப்பட்ட பொருள்களைப் பொறுத்தமட்டில், 20 லட்சம் ரூபாய் விற்றுமுதல் வரை பதிவிலிருந்து விலக்கு உள்ளது. பான் எண்ணும் இ-வே பில்லும் இருந்தால் போதும். இச்சலுகை கைநழுவிப் போகாதபடி, பொருள்களைக் காட்சிப்படுத்தும் பக்கம் பொதுவாக இருக்க, பணம் செலுத்தும் பக்கம் அந்தந்தக் கைவினைஞரின் சொந்தக் கணக்கோடு இணைந்திருக்கும் அமைப்பே உகந்தது எனச் சங்கம் கருதுகிறது.

சிங்கப்பூர், மலேசியா, இலங்கை எனப் பரந்து வாழும் தமிழர்களிடையே இச்சிற்பங்களுக்கு இடமுண்டு. வெளிநாட்டு அட்டைகளை ஏற்பதற்கு உள்நாட்டினும் கூடுதல் கட்டணம் ஆகும். எல்லை கடந்த பரிவர்த்தனைக்கான அக்ரிகேட்டர்களுக்கு 2023 அக்டோபர் 31 அன்று ரிசர்வ் வங்கி தனி விதிகள் வகுத்திருப்பதால், அந்த அனுமதியும் உள்ள நிறுவனமா என்பது சரிபார்க்கப்பட வேண்டும். அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையங்களோடு இதனை இணைப்பது பயன் தரும்.

ஆகவே, மாவட்ட ஆட்சியர் தலைமையில் முன்னோடி வங்கி மேலாளர், மாவட்டத் தொழில் மையம், பூம்புகார் ஆகியோருடன் கைவினைஞர், பழங்குடி மகளிர் பிரதிநிதிகளும் இடம்பெறும் ஒரு தேர்வுக் குழுவை அமைத்து, மேற்கூறிய அளவுகோல்களின்படி அனுமதி பெற்ற நிறுவனங்களிடமிருந்து எழுத்துமூல விவரம் கோரிப் பெற்று, அவற்றின் ஏற்பாடுகளை மரச்சிற்பம், தேன் ஆகியவற்றின் சில உண்மையான விற்பனைகளில் சோதித்த பின்னரே முடிவு செய்ய வேண்டும் எனச் சங்கம் வேண்டிக்கொள்கிறது. ஒரே நிறுவனத்தோடு நீண்டகாலம் கட்டுண்டு கிடக்க நேராமல், வாடிக்கையாளர் விவரங்களும் ஆர்டர் கணக்கும் விற்பவருக்கே உரியவையாக இருந்து, வேறு நிறுவனத்துக்கு மாறும்போது அவற்றை எடுத்துச் செல்லும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். நடப்புக் கணக்கு கேட்கப்படும் இடங்களில் குறைந்தபட்ச இருப்பு வேண்டாத கணக்கை வங்கிகள் திறந்து தர வேண்டும். உத்யம் பதிவு, பான், தேன் போன்ற உணவுப்பொருள்களுக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு ஆகியவற்றோடு, அக்ரிகேட்டர்கள் கேட்கும் பணத்திருப்ப விதி, தனியுரிமை விதிப் பக்கங்களையும் எழுதித் தரும் முகாம்கள் கள்ளக்குறிச்சியில் மட்டுமன்றி கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலும் நடத்தப்பட வேண்டும். மலைவாழ் மக்கள் ஒரு கையொப்பத்துக்காக மலையிறங்கி வருவது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். தகராறு எழும்போது எவரை அணுகுவது என்பதும் தெளிவாக வேண்டும். அக்ரிகேட்டர்கள் குறைதீர்க்கும் பொறுப்பு அலுவலரை நியமித்திருக்க வேண்டும் என்பது விதி. அவரைத் தமிழில் தொடர்புகொள்ளும் வழியையும் தேர்வுக் குழு உறுதிசெய்ய வேண்டும்.

முன்னோடி வங்கித் திட்டத்தின்கீழ் நடைபெறும் அடுத்த மாவட்ட ஆலோசனைக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளைச் சேர்த்து, சங்கப் பிரதிநிதிகள் நேரில் விளக்க வாய்ப்பளித்து, எடுக்கப்படும் முடிவை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டப்படுகிறது.

இடம்: கள்ளக்குறிச்சி

தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் சங்க உறுப்பினர்கள்