வீரர் எண்டு சொல்லிச் சம்பளத்தை மறக்கிறது

ஆசிரியருக்கு ஆசிரியர் எண்டு பெயர். சாரதிக்குச் சாரதி. இலிகிதருக்கு இலிகிதர். தீயை அணைக்கிறவருக்கு மட்டும் வேலையின்ர பெயரோடயே ஒரு "வீரர்" ஒட்டியிருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அவர் ஒருக்கா சம்பளத்தைக் கூட்டித் தாங்கோ எண்டு கேட்டுப் பாக்கட்டும். அடுத்த நாளே அந்தச் சொல் அவருக்கு எதிராகத் திரும்பும். "வீரர் எண்டால் காசு கேக்கலாமோ? சனத்தின்ர உயிரோட விளையாடுறதோ?" பட்டம் குடுத்தவையே அந்தப் பட்டத்தைக் காட்டி வாயைப் பொத்தச் சொல்லுவினம்.

இந்தக் கதை ஒரு மோசடி என்பதுதான் என் வாதம். ஒரு வேலை நின்றால் நகரமே எரியும் என்றால், அந்த வேலையைச் செய்கிறவருக்குச் சம்பளத்தையும் வேலை நிபந்தனையையும் எழுத்தில் கொடுக்க வேண்டிய கடமை கூடுமே தவிரக் குறையாது. உயிரோடு முதலில் விளையாடுவது, அதை எழுதிக் கொடுக்க மறுக்கிற நிர்வாகம். இதை வெறும் வாதமாகச் சொல்லாமல் ஒரு நகரத்தில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். இடம் சிக்காகோ, வருடம் 1980.

1955 முதல் 1976இல் இறக்கும்வரை சிக்காகோவின் மேயராக இருந்தவர் ரிச்சர்ட் டேலி. அவர் காலத்தில் தீயணைப்புப் படையினருக்குத் தொழிற்சங்கம் இருந்தது, கூட்டு ஒப்பந்தம் இருக்கவில்லை. சங்கத் தலைவர்கள் மேயரைச் சந்திப்பார்கள், கதைப்பார்கள், கை குலுக்குவார்கள். அவ்வளவுதான். டேலியைத் தொழிலாளர் விரோதி என்று சொல்ல முடியாது, சம்பளம் கூடத்தான் செய்தது. ஆனால் கூடியதெல்லாம் தயவாகக் கூடியது. தயவுக்கு நன்றிக்கடன் இருக்கு, தேர்தல் வந்தால் அந்தக் கடனைக் கட்ட வேணும். சிக்காகோவின் ஜனநாயகக் கட்சி இயந்திரம் பல தசாப்தங்கள் ஓடியது இந்த எண்ணெயில்தான். நகர நிர்வாகத்தில் வேலை எடுக்கவும் உயரவும் கட்சிக்காரரின் சிபாரிசு தேவைப்பட்ட ஊர் அது. எங்களுக்கு இது விளங்காத கதையா என்ன?

1979 ஜனவரியில் சிக்காகோவைப் பெரும் பனிப்புயல் மூடியது. வீதிகளைத் துப்புரவாக்க முடியாமல் நிர்வாகம் திணறியது. அந்தக் கோபத்தில் அப்போதைய மேயர் மைக்கேல் பிலாண்டிக் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலிலேயே தோற்றார். ஜேன் பேர்ன் நகரத்தின் முதல் பெண் மேயரானார். தேர்தலுக்கு முன் அவர் தீயணைப்புப் படையினருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: நான் வந்தால் உங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம்.

வந்தார். ஒப்பந்தம் வரவில்லை. எந்தத் தர அதிகாரிகள் சங்கத்தில் இருக்கலாம், ஒரு வாகனத்தில் குறைந்தது எத்தனை பேர் போக வேண்டும், இனி வேலைநிறுத்தம் செய்ய மாட்டோம் என்று சங்கம் எழுதித் தர வேண்டுமா, இப்படி ஒவ்வொரு வரியிலும் பேச்சுவார்த்தை முட்டுப்பட்டது. 1980 பெப்ரவரி 14 அதிகாலை தீயணைப்புப் படையினர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அந்த நகரத்தின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. வேலைநிறுத்தம் 23 நாட்கள் நீடித்தது. சங்கத் தலைவர் பிராங்க் மஸ்கேர் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்குப் போனார். மேயர் புது ஆட்களைச் சேர்க்கத் தொடங்கினார்.

இனி எதிர்வாதத்தைப் பார்ப்போம். முதலாவது, கடினமானது: அந்த 23 நாட்களில் தீயில் மனிதர்கள் இறந்தார்கள். இதை மறைத்துக்கொண்டு தொழிற்சங்கத்தைப் புகழ எனக்கு விருப்பமில்லை. வேலைநிறுத்தத்தில் இருந்தவர்களுக்கும் அது சும்மா கடந்து போகிற விசயமாக இருந்திருக்காது. நெருப்புக்குள் போய் ஆட்களைத் தூக்கி வருவதுதானே அவர்களுடைய தொழில். ஆனால் ஒரு கேள்வி. வருடம் முழுக்க மேசையில் கிடந்த வாக்குறுதியை எழுதிக் கையெழுத்து வைக்காமல் இழுத்தடித்தவர் யார்? வேலைநிறுத்தம் ஒரு நாள் விடியக்காலமையில் வானத்திலிருந்து விழுகிறதில்லை. அது வரப்போகிறது என்று மேயருக்குத் தெரியும். நிறுத்துகிற வழியும் அவர் கையிலேயே இருந்தது. பொறுப்பைப் பங்குபோட வேண்டுமென்றால் போடுவோம். முழுப் பங்கையும் தொழிலாளியின் தலையில் கட்டுகிற கணக்குக்கு நான் உடன்பட மாட்டேன்.

இரண்டாவது எதிர்வாதம், காசு இல்லை என்பது. சிக்காகோவில் அந்தக் குளிர்காலம் காசு இறுக்கமாகத்தான் இருந்தது. 1979 டிசம்பரில் பஸ், ரயில் தொழிலாளர் வேலைநிறுத்தம். அடுத்து, பாடசாலை நிர்வாகத்திடம் சம்பளம் கொடுக்கவே காசில்லாமல் போய் ஆசிரியர்களும் வேலையை நிறுத்தினார்கள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு எத்தனை டொலர் முடியும்? எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு மையும் கடுதாசியும்தான் செலவு. அங்கே மேயர் இழக்கப்போனது வேறொன்று. ஆர் உயருவினம், எத்தனை பேர் வாகனத்தில் ஏறுவினம், ஆருக்குத் தண்டனை எண்டு தன்னந்தனிய முடிவெடுக்கிற அதிகாரம். நிர்வாகங்கள் "காசில்லை" எண்டு சொல்லேக்க அதிகாரத்தை விட விருப்பமில்லை எண்டும் சேர்த்து வாசிக்கப் பழகுங்கோ.

எத்தனை பேர் வாகனத்தில் ஏறுகிறார்கள் என்பது சில்லறை விசயம் மாதிரித் தெரியலாம். யோசித்துப் பாருங்கள். ஒருவர் பம்பைப் பார்க்க வேண்டும். ஒருவர் கட்டளை கொடுக்க வேண்டும். தண்ணீர் நிறைந்த குழாய் ஒரு ஆள் இழுத்துப் படியேறுகிற பாரம் இல்லை. அதே நேரம் உள்ளே யாராவது அகப்பட்டிருக்கிறார்களா என்று தேட வேண்டும், புகை வெளியேறக் கூரையைத் திறக்க வேண்டும். 2010இல் அமெரிக்கத் தேசிய தர நிர்ணய நிறுவனம் வெளியிட்ட ஆய்வொன்று, வீட்டுத் தீ ஒன்றில் செய்ய வேண்டிய 22 வேலைகளை நேரம் வைத்து அளந்தது. நால்வர் கொண்ட குழு, இருவர் குழுவைவிட ஏறத்தாழ 30 வீதம் விரைவாகவும் மூவர் குழுவைவிட 25 வீதம் விரைவாகவும் அவற்றை முடித்தது. நெருப்பு நிமிடக் கணக்கில் பெருகும். ஆகவே ஆள் எண்ணிக்கை பற்றிய வரி தொழிலாளியின் சொகுசு பற்றியதல்ல. மூன்றாம் மாடியில் நித்திரை கொள்கிற பிள்ளையைப் பற்றியது. அந்த வரியை ஒப்பந்தத்தில் வைக்கச் சண்டை பிடித்தது சங்கம். அதைத் தன் விருப்பத்துக்கு விட்டுவிடச் சொன்னது நகர நிர்வாகம். உயிரில் அக்கறை உள்ளது யார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இதற்காக அந்தச் சங்கத்தைக் கோயிலாக்கத் தேவையில்லை. அந்தப் படையில் கறுப்பினத்தவர் மிகக் குறைவு. ஆட்சேர்ப்பில் பாகுபாடு என்று 1973இல் அமெரிக்க நீதித் திணைக்களம் நகரத்துக்கு எதிராக வழக்குப் போட்டது. வருடக்கணக்காக வெளியே நிறுத்தப்பட்ட ஒரு கறுப்பு இளைஞனிடம் போய், "தோழரே, வேலைநிறுத்தத்தை உடைக்காதீர்" என்று சொன்னால், "என்னை எப்ப தோழராய் எண்ணினியள்?" என்று அவன் கேட்டிருந்தால் அதற்கு என்ன பதில்? கதவுக்கு வெளியே தங்கள் ஊர் மக்களையே நிறுத்தி வைத்திருக்கிற சங்கத்தை உடைப்பது நிர்வாகத்துக்கு எப்போதும் சுகம். எங்கள் தொழிற்சங்கங்களில் பெண்களும் தற்காலிக ஊழியர்களும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தால் இது ஏன் முக்கியம் என்று விளங்கும். கடைசியில் சிக்காகோவில் சமரசம் பேச வந்தவர்களில் ஒருவர் கறுப்பினத் தலைவரான ஜெஸி ஜாக்சன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 8இல் வேலைநிறுத்தம் முடிந்தது. பின்னர் எழுத்தில் ஒப்பந்தம் வந்தது. வாகனமொன்றில் குறைந்தது ஐந்து பேர் என்ற சிக்காகோவின் விதிக்குப் பின்னால் அந்தக் குளிர்காலம் இருக்கிறது. அதற்கு விலையும் இருந்தது. வேலைக்குப் போனவர்களுக்கும் வெளியே நின்றவர்களுக்கும் இடையிலான கசப்பு தீயணைப்பு நிலையங்களில் தசாப்தக் கணக்கில் தீரவில்லை. 1983இல் ஜேன் பேர்ன் கட்சிக்குள் ஹரோல்ட் வாஷிங்டனிடம் தோற்றார். இலினோய் மாநிலமும் ஒரு பாடம் படித்தது. 1986இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, தீயணைப்புப் படையினரும் பொலிசாரும் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பதிலாக, பேச்சு முறிந்தால் நடுவர் ஒருவர் தீர்ப்பளிப்பார், அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். உரிமையொன்றைப் பறித்தால் அதற்கு ஈடாக இன்னொன்றைக் கொடு என்ற ஆகக்குறைந்த நியாயம் அதில் இருந்தது.

அந்த ஆகக்குறைந்த நியாயத்தைத்தான் எங்கள் நாட்டில் தேட வேண்டியிருக்கிறது. அதே 1980இல், சிக்காகோ வேலைநிறுத்தம் முடிந்து நாலு மாதத்தில், இலங்கையில் ஜூலைப் பொது வேலைநிறுத்தம் நடந்தது. மாதம் 300 ரூபா சம்பள உயர்வு பிரதான கோரிக்கை. ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் அவசரகால விதிகளையும் அத்தியாவசிய சேவை உத்தரவையும் எடுத்தது. ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் வந்த 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டம் இன்றைக்கும் இருக்கிறது. மின்சாரம், ஆஸ்பத்திரி, ரயில் என்று எங்கே வேலைநிறுத்தப் பேச்சு எழும்பினாலும் வர்த்தமானி ஒன்று வருகிறது. எந்த அரசாங்கம் வந்தாலும் வருகிறது.

"அத்தியாவசியம்" என்ற அந்தச் சொல் எப்ப வெளிக்கிடுது எண்டு கவனியுங்கோ. வேலைநிறுத்தம் எண்டால் வரும். சம்பளச் சீட்டில வராது. பழுதான உபகரணத்தை மாத்தித் தாங்கோ எண்டால் வராது. வெற்றிடத்துக்கு ஆள் போடச் சொன்னால் வராது. உண்மையிலேயே அத்தியாவசியம் என்றால் வருடம் 365 நாளும் அத்தியாவசியமாக இருக்க வேண்டாமா?

சட்டம் மட்டும் போதாது என்பதற்கும் சிக்காகோவே சாட்சி. தீயணைப்புப் படையினரின் ஒப்பந்தம் 2021 ஜூன் 30இல் காலாவதியானது. நாலு வருடம் தாண்டியும் புது ஒப்பந்தம் இல்லாமல் வேலை செய்தார்கள். 2023இல் மேயராக வந்த பிரெண்டன் ஜோன்சன் ஆசிரியர் சங்கத்தில் அமைப்பாளராக இருந்தவர். தொழிற்சங்கக்காரர் கதிரையில் ஏறினால் கதிரைதான் வெல்லும்போல. நகரத்தில் இருந்த 80 அம்புலன்சுகளோடு இன்னும் 20 வேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கைகளில் ஒன்று. அம்புலன்ஸ் கேட்கிற தொழிலாளியைச் சுயநலக்காரர் எண்டு எப்பிடிச் சொல்லுவியள்? வேலைநிறுத்தம் தடை, நடுவர் உண்டு, ஆனால் வேலையை முடிக்க உறுதியான காலக்கெடு இல்லை என்றால் நிர்வாகம் சும்மா இருந்தே வெல்லலாம். விலைவாசி ஏறிக்கொண்டே இருக்க, பழைய சம்பளத்தில் கழிகிற ஒவ்வொரு மாதமும் சத்தமில்லாத ஒரு சம்பளக் குறைப்பு.

ஆகவே கேட்க வேண்டியது இவ்வளவுதான். ஒரு சேவையை அத்தியாவசியம் என்று வர்த்தமானியில் போடுகிற அதே நாளில், அந்தச் சேவையின் சம்பளப் பிணக்கு சுயாதீன நடுவரிடம் போக வேண்டும். இத்தனை நாளுக்குள் தீர்ப்பு என்று திகதி இருக்க வேண்டும். தீர்ப்பு அரசாங்கத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். அதைச் செய்ய மனமில்லாதவர்கள் வேலைநிறுத்தம் செய்கிறவர்களுக்கு மனிதாபிமானம் படிப்பிக்க வர வேண்டாம். மாலையும் பதக்கமும் நினைவுப் பேச்சும் உங்களோடயே இருக்கட்டும், முதல்ல கையெழுத்தை வையுங்கோ.