பம்பு முடிந்த கதையா?

“ஹார்ட்மேட் 3 வந்தாச்சு. இதயத் துணைப் பம்பில் இனி பிஎச்.டி. பண்ண என்ன இருக்கு?” பொறியியல் மாணவர்களிடம் இப்படிச் சொல்பவர்கள் அதற்கு மூன்று காரணங்களும் கைவசம் வைத்திருக்கிறார்கள்.

பம்பு கச்சிதமாகிவிட்டது என்பது முதலாவது. பாதி உண்மைதான். காந்த விசையில் மிதந்தபடி சுழலும் அதன் விசிறி எதிலும் உரசுவதில்லை. பழைய ஹார்ட்மேட் 2-ஐப் பாடாய்ப் படுத்திய ரத்த உறைவு இதில் அபூர்வம். ஆனால், இரண்டையும் ஒப்பிட்ட மொமென்டம் 3 ஆய்வில், ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் புதிய பம்பில் சுமார் 58 விழுக்காடு, பழையதில் 44. முன்னேற்றம்தான், முடிவல்ல. வயிற்றுத் தோலைத் துளைத்து பேட்டரிக்கு வரும் ஒயர் இன்றும் கிருமிகளுக்குத் திறந்த வாசல். சுழற்சியின் வேகத்தில், ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் புரதத்தின் நீண்ட இழைகள் அறுபட்டு, குடலில் ரத்தம் கசிகிறது. உறையாமலிருக்க மருந்து கொடுத்தால் கசிவு கூடும், குறைத்தால் உறையும். இடப்பக்கத்தில் பம்பு தள்ளுகிற ரத்தமெல்லாம் சுற்றிக்கொண்டு வலப்பக்கத்துக்குத்தான் வரும். அங்கே இதயம் பலவீனமாக இருந்தால் திணறிப்போகும். நோயாளி மாடிப்படி ஏறினாலும் பம்பு தானாக வேகத்தைக் கூட்டாது. இதில் எந்த ஒன்றை எடுத்தாலும் ஒரு ஆய்வேட்டுக்குத் தாங்கும். போட்டியாக இருந்த எச்வேட் பம்பின் விற்பனையையோ, பக்கவாதம், நின்ற பம்பு மறுபடி ஓடாமல் போவது ஆகியவை காரணமாக மெட்ரானிக் நிறுவனம் 2021 ஜூனில் நிறுத்திவிட்டது.

‘அது டாக்டர்கள் வேலை’ என்பது இரண்டாவது. பொருத்துவது அவர்கள் வேலை. பாய்மம், காந்தக் கட்டுப்பாடு, பேட்டரி, உலோகப் பரப்பு எல்லாம் யார் வேலை? சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் சித்ரா நிலையம் மூன்றும் சேர்ந்து மருத்துவக் கருவிகளுக்கென்றே பிஎச்.டி. நடத்துவது சும்மாவா?

மூன்றாவது, தீசிஸ் அலமாரியில்தான் தூங்கும் என்பது. தூங்காத ஒன்றைச் சொல்கிறேன். பிரிஸ்பேனில் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் டேனியல் டிம்ஸ், 2001 வாக்கில் துணைப் பம்புகளைத்தான் ஆய்வுக்கு எடுத்தார். பம்பைச் சோதிக்க ரத்த ஓட்டத்தைப் போலச் செய்யும் சுற்றை, பிளம்பரான தந்தையோடு சேர்ந்து ஹார்டுவேர் கடைக் குழாய்களிலும் வால்வுகளிலும் கட்டினார். (ஆய்வகம் என்றதும் கோடிக்கணக்கில் கணக்குப் போடுகிறவர்கள் கவனிக்க.) அந்த வழியில் பிறந்தது பைவகோர்: ஒரே மிதக்கும் சக்கரம் இரு பக்கத்துக்கும் ரத்தம் தள்ளும் முழுச் செயற்கை இதயம். 2024 ஜூலையில் ஹூஸ்டனில் முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. நவம்பரில் சிட்னியில் பொருத்திக்கொண்டவர் அதோடு மருத்துவமனையை விட்டே வெளியே வந்தார். மாற்று இதயம் கிடைக்கும்வரை நூறு நாளுக்கு மேல் அதுதான் அவரைத் தாங்கியது.

டிம்ஸின் தொடக்கத்திலிருந்து முதல் மனிதருக்குப் பொருத்தியது வரை எண்ணினால் 23 ஆண்டு. ஆய்வு உதவித்தொகை ஐந்து ஆண்டில் நின்றுவிடும். மாணவர்களைத் தடுக்க நினைப்பவர்கள் இந்தக் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.