முத்துராஜவெல: மண்ணுக்குள் எரியும் தீயை அணைப்பது யார்?

பேலியகொடையில் தொடங்கும் கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை 2013 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. அதன்பின் நாட்டைவிட்டுப் போன நம்மவர்களில் பலர் கடைசியாகப் பார்த்த நிலம், அந்த வீதியின் இருபுறமும் தெரியும் நாணற் காடாகத்தான் இருக்கும். நானும் அதை வெறும் தரிசு என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். வறட்சி மாதங்களில் அங்கே தீப்பிடித்த செய்தி வரும். இரண்டு நாளில் மறந்துவிடுவோம்.

களனி கங்கைக்கும் நீர்கொழும்பு களப்புக்கும் நடுவில் கிடக்கும் முத்துராஜவெல ஏறத்தாழ 3,000 ஹெக்டேயர் சேற்று நிலம். கண்டல், சதுப்பு மரங்கள், நாணல் என்று பலதும் கலந்து வளரும் இடம். 1996இல் இதன் வடபகுதியில் 1,777 ஹெக்டேயர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தென்பகுதிக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை.

இந்த நிலம் எரிவதும் சாதாரணக் காடு எரிவதும் ஒன்றல்ல. ஆயிரக்கணக்கான வருடங்களாக நாணலும் வேரும் முழுதாக உக்காமல் நீருக்கடியில் படிந்து கறுத்த மண் இது. பாடப்புத்தகத்தில் முற்றா நிலக்கரி என்று படித்திருப்போம். நீர் நிற்கும் வரை அது எரியாது. நீர்மட்டம் இறங்கினால் மண்ணே விறகாகிவிடும். மேலே புல் எரிந்து அணைந்த பிறகும் கீழே நெருப்பு புகைந்துகொண்டிருக்கும். தீயணைப்பு வண்டி தெளிக்கும் தண்ணீர் அந்த ஆழத்துக்குப் போவது அரிது.

ஆகவே தீ வைத்தவரைத் தேடுவது பாதி வேலைதான். நிலம் ஏன் காய்ந்தது என்பதுதான் மற்றப் பாதி. நெடுஞ்சாலைக்கு மணல் நிரப்பினார்கள். கெரவலப்பிட்டியவில் மின்நிலையம் வந்தது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமலை சரிந்து 32 பேர் இறந்த பிறகு கொழும்பின் குப்பையும் கெரவலப்பிட்டியவுக்கே திரும்பியது. 2021இல் முத்துராஜவெலவை நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் கொண்டுவர அரசாங்கம் முயன்றபோது கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை எதிர்த்துக் குரல் கொடுத்தார். இதில் எதையும் செய்தது குடிசைவாசி அல்ல.

எரிந்த இடத்தை மீட்பது என்றவுடன் அதிகாரிகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் ஞாபகம் வருவது மரநடுகை. ஒரு கன்று, ஒரு பதாகை, ஒரு படம். சுனாமிக்குப் பின் நம் கரையோரங்களிலும் கண்டல் நட்டார்களே, அதன் கணக்கு 2017இல் ஓர் ஆய்வில் வெளிவந்தது. இலங்கையில் 23 இடங்களைப் பார்த்திருக்கிறார்கள். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட உயிருடன் இல்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில் தப்பியது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். பொருந்தாத இடத்தில் பொருந்தாத இனத்தை நட்டதும், நட்டபின் திரும்பிப் பார்க்காததும் முக்கிய காரணங்கள்.

இந்தோனேசியா இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. செம்பனைக்காகவும் கடதாசி மரத்துக்காகவும் கால்வாய் வெட்டி வடிய வைத்த சதுப்புக் காடுகள் 2015இல் பற்றியெரிந்தன. அந்த வருடம் மொத்தம் 26 இலட்சம் ஹெக்டேயர் எரிந்தது. நட்டம் 16 பில்லியன் டொலர் என்றது உலக வங்கி. அடுத்த ஜனவரியிலேயே சதுப்பு நில மீட்புக்கென்று தனி நிறுவனம் அமைத்தார்கள். முதல் வேலைகளில் ஒன்று கால்வாய்களை மறித்து நிலத்தை மீண்டும் நனைப்பது. ஈரத்திலேயே விளையும் சவ்வரிசி மரம், பாய் பின்னும் கோரை போன்றவற்றைக் கிராமத்தவர்களின் வருமானமாக்குவதும் திட்டத்தில் இருந்தது. எல்லா இடத்திலும் அது வெற்றியில்லை, 2019இல் மறுபடி பெரும் தீ வந்தது. ஆனால் வரிசை சரி: முதலில் நீர், பிறகு பிழைப்பு, கன்று கடைசியில்.

முத்துராஜவெலவிலும் அதற்கு வழியுண்டு. மீனும் இறாலும் பிடித்து வாழ்பவர்கள் இருக்கிறார்கள். போப்பிட்டிய பக்கம் படகில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக்காட்டுகிறார்கள். மட்டக்களப்பில் பன்பாய் இழைப்பவர்களைப் பார்த்தவர்களுக்குச் சேற்றுப் புல்லின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. நிலம் ஈரமாக இருந்தால்தான் இவர்களுக்கு வருமானம். தீயை முதலில் காண்பவர்களும் இவர்களே. காவலுக்கு இவர்களைவிடப் பொருத்தமானவர் யார்?

நடப்பது என்னவோ வேறு. சூழல் பாதுகாப்பு என்றதும் முதலில் எழும்பச் சொல்வது ஓரத்தில் கொட்டில் போட்டவர்களைத்தான். அவர்களில் சிலர் நிலம் நிரப்பியதும் உண்மை, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் வன்னியில் இடம்பெயர்ந்து திரும்பி வந்து, தன் காணியில் வளர்ந்த பற்றைக்குள் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லைக் கண்டவருக்கு இந்தக் கதை புதிதல்ல. காட்டின் பெயரால் வெளியேற்றப்பட்டவர் அந்தக் காட்டைக் காக்க ஏன் வரவேண்டும்? அளம்பிலில் கேட்கவேண்டிய இந்தக் கேள்வியை நான் பேலியகொடையில் இருந்து கேட்கிறேன், அவ்வளவுதான்.

2003இல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்துக்காகச் செய்த மதிப்பீடு, முத்துராஜவெல வருடத்துக்குச் சுமார் 8 மில்லியன் டொலர் பெறும் என்றது. அதில் பெரும்பங்கு வெள்ளத்தைத் தாங்கிக்கொள்வதற்கானது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது அதன் கரைகளில் தண்ணீர் எங்கே ஏறியது என்று இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். அந்த 8 மில்லியனில் ஒரு சிறு பங்கை, நிலத்தை நிரப்பி இலாபம் கண்டவர்களிடம் அறவிட்டு, வாய்க்கால் மறிப்பதற்கும் தீக்காவலுக்கும் அங்குள்ள குடும்பங்களுக்கே நாட்கூலியாகக் கொடுக்கலாம். அடுத்த வறட்சிக்குள் வேலையைத் தொடங்கினால் நல்லது.