குற்றாலச் சாரலும் சுரண்டைக் காற்றாலையும்

குற்றாலத்துப் பேரருவியின்கீழ்த் தலைநனைத்து நிற்கும் தமிழர், அவ்வருவியை வீழ்த்தும் காற்றே தம் வீட்டு விளக்கையும் எரிக்கின்றது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அருவி உலாச் செல்வார்க்கு உரியது. மின்னாற்றல் மின்வாரியத்துக்கு உரியது என்று இரண்டையும் வெவ்வேறாக வைத்துப் பழகிவிட்டனர். அரசும் அவ்வாறே பழகிவிட்டது. கேடு அங்கேதான் தொடங்குகின்றது.

மேலைக்கடலில் எழும் பருவக்காற்று ஆடவை, கடகத் திங்கள்களில் (ஆனி, ஆடி) மேற்கு மலைத்தொடரின்மேல் மோதுகின்றது. மோதிய காற்று மேலேறிக் குளிர்ந்து, தன் ஈரத்தின் பெரும்பகுதியை மலையாள நாட்டில் பெய்துவிட்டு, எஞ்சியதைக் குற்றால மலையில் சாரலாகத் தூவுகின்றது. சிற்றாறு பெருகுகின்றது, பேரருவியும் ஐந்தருவியும் வீழ்கின்றன. அதே காற்று ஆரியங்காவை ஒட்டிய செங்கோட்டைக் கணவாயில் நெருக்குண்டு, விரைவு மிகுந்து, சுரண்டை, ஊத்துமலை, ஆலங்குளம் என விரிந்து கிடக்கும் வானம்பார்த்த நிலத்தின்மேற் பாய்கின்றது. அங்கே காற்றாலைகள் சுழல்கின்றன. கீழ்காற்றுக்குக் கொண்டல், மேல்காற்றுக்குக் கோடை, வடகாற்றுக்கு வாடை, தென்காற்றுக்குத் தென்றல் என்று நாற்றிசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த இனம் தமிழினம். காற்று மாறினால் வாழ்வு மாறும் என்று அறிந்தவர்க்கன்றி இப்பெயர்கள் தோன்றியிரா. (ஆங்கிலர் 'மான்சூன்' என்பதும் 'பருவம்' என்று பொருள்படும் அரபுச் சொல்லின் திரிபே. அதனைத் தமிழிலும் 'மான்சூன்' என்றே எழுதித் திரிவார்க்கு இது தெரிந்திருந்தால் நன்று.)

தமிழ்நாட்டின் முதற் காற்றாலைகள் 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் நடப்பட்டன. இன்றோ அவற்றின் மொத்தத் திறன் 11,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. பத்து இலக்கம் வாட்டுக் கொண்டது ஒரு மெகாவாட்டு. வாட்டு என்பது ஓர் அறிஞர் பெயராகலின் அதனை மாற்ற வேண்டுவதில்லை. 2008-ஐ ஒட்டித் தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை இருளில் வைத்த மின்வெட்டை மக்கள் மறந்திரார். அந்நாள்களிற் கணவாய்க்காற்று வலுத்தபோது வெட்டு நேரம் குறைந்ததையும் அவர்கள் மறந்திரார்.

இத்துணை நம்பியிருக்கும் காற்று இனியும் பழைய காற்றாகவே வருமா என்பதே இன்றைய கேள்வி.

காற்றாலையின் கணக்குக் கொடிது. காற்றின் விரைவு பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மின்னாக்கமும் பத்தில் ஒரு பங்குதான் குறையும் என்று கருதுவார் ஏமாறுவர். காற்றிலுள்ள ஆற்றல் விரைவின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டியது. விரைவு 10 விழுக்காடு குறைந்தால் ஆற்றல் 27 விழுக்காடு குறையும். மாந்தர் உடலுக்குத் தெரியாத சிறு தளர்ச்சியும் காற்றாலைக்குப் பேரிழப்பு.

அமெரிக்க ஆர்வர்டு பல்கலைக்கழகத்தார் 1980 முதல் 2016 வரையிலான காற்றுக் கணக்கை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிபு, இந்தியப் பெருங்கடல் வெம்மையுற வெம்மையுறப் பருவக்காற்று தளர்ந்து, இந்தியாவின் காற்றாற்றல், சிறப்பாக மேற்குப் பகுதியில், குறைந்து வந்திருக்கலாம் என்பது. புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனத்தார் 2022-இல் வேறொன்று கூறினர்: வருங்காலத்தில் வடக்கே காற்றுக் குறையும், தெற்கே, தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளிற் கூடும். முன்னது கடந்த காலத்தை அளந்தது. பின்னது வருங்காலத்தைக் கணித்தது. இவற்றுள் ஒன்றைப் பற்றிக்கொண்டு அஞ்சுவதும், மற்றொன்றைப் பற்றிக்கொண்டு மகிழ்வதும் அறிவுடைமை ஆகா. ஆண்டு மொத்தம் கூடினாலும், காற்று வரவேண்டிய நாளில் வாராமல் வேண்டாத நாளில் வந்தால் விளக்கு எரியாது.

நாள் தவறுதல் கண்முன்னே நடக்கின்றது. 2023-இல் தென்மேற்குப் பருவமழை சூன் 8-இல்தான் கேரளக் கரையைத் தொட்டது. 2025-இல் மே 24-இலேயே தொட்டுவிட்டது. இடையே பதினைந்து நாள்! 2023 ஆகசுட்டில் இந்தியா முழுமைக்கும் மழை 36 விழுக்காடு குறைந்தது. 1901 முதல் வைத்த கணக்கில் அத்துணை வறண்ட ஆகசுட்டு இல்லை. மறு ஆண்டு, 2024 மே 2-ஆம் நாள், வெம்மை தாளாது மக்கள் விசிறிகளையும் குளிரூட்டிகளையும் முடுக்கியதால் தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டு என்னும் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. அது மேழத் திங்கள் (சித்திரை). காற்றுப் பருவம் பிறக்கவில்லை. சரியாகப் பதினைந்து நாள் கழித்து, மே 17-இல், பழைய குற்றால அருவியில் வெள்ளம் திடுமெனப் பாய்ந்து ஒரு சிறுவனை அடித்துச் சென்று கொன்றது. சுட்டெரித்த திங்களே வெள்ளத்தையும் கொணர்ந்தது.

வெம்மையால் தேவை பெருகும் வேளையிற் காற்று இல்லை, மலைநீரும் குறைவு. பொருநையின் பாவநாசத்தில் 1944 முதல் மின்னாக்கம் செய்யும் பொறிகளும் அணைநீர்க்குக் காத்திருக்க வேண்டியவையே. எஞ்சுவது நிலக்கரி. ஒடிசாவிலிருந்து கப்பலேறி வரும் கரியை எரித்தால் அதன் புகை கடலை மேலும் வெம்மையாக்கும். வெம்மையுற்ற கடல் காற்றை மேலும் குலைக்கும். கொள்ளிக்கட்டையால் தலை சொறிவது என்பது இதுதான்.

நடுவணரசின் வானிலை அறிக்கையோ நாடு முழுமைக்கும் ஒரு நிரவல் அளவை (சராசரி) வைத்துப் 'பருவமழை இயல்பு' என்று முடித்துவிடும். அவ்வியல்பு குற்றாலத்தில் மங்குசுத்தான் பழம் விற்பார்க்கும் விடுதி நடத்துவார்க்கும் உதவுவதன்று. சுரண்டை உழவர்க்கும் அதனாற் பயன் இல்லை. அவர் விற்ற நிலத்திற் சுழலும் பொறிகளுட் பல கோவை வட்டார நூற்பாலைகளுக்கு உரியவை. காற்று நின்றாலும் வீசினாலும் கணக்கு அங்கேதான். இமயம் முதல் குமரி வரை ஒரே அளவுகோலால் அளப்பவர், ஒரு கணவாயின் காற்றை எங்ஙனம் அறிவர்?

மழை குறைந்தால் காற்றும் குறையும் என்று கண்ணை மூடிக்கொண்டு கூறிவிடவும் இயலாது. மழையற்ற நாளிலும் கணவாய்க்காற்று சீறுவதுண்டு. அதனாற்றான் இரண்டையும் ஓரிடத்தில் வைத்து அளத்தல் வேண்டும். 2019-இல் தனி மாவட்டமாகிய தென்காசியில், மலைமேல் மழை, கணவாயிற் காற்று, அருவியில் நீரளவு, காற்றாலைகளின் நாள் ஆக்கம் ஆகிய நான்கையும் ஒரே ஏட்டில், தமிழில், ஊராட்சி தோறும் மக்கள் காணுமாறு தமிழ்நாட்டரசு வெளியிடல் வேண்டும். பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று இது. பழைய சிறு பொறிகளை இறக்கிவிட்டுப் பெரும் பொறிகளை ஏற்றுதற்கு அரசு 2024-இல் கொள்கை வகுத்துள்ளது. புதிய பொறி இருபது, இருபத்தைந்து ஆண்டு நிற்கும். அதனைக் கடந்த தலைமுறையின் காற்றை நம்பி நடுவதா, வரப்போகும் காற்றை அறிந்து நடுவதா? சுரண்டையில் முதற் பழம்பொறியை இறக்கும் முன்பே அவ்வேடு மக்கள் கைக்கு வரட்டும்.